துவைத்த பருத்தி உடுப்பில் தையல் இழுபடுதல்: நனைப்பதா, நூலை மாற்றுவதா, பிரித்துத் தைப்பதா?

என் தங்கையின் மகளுக்கு மருதமுனைக் கைத்தறித் துணியில் நான் தைத்துக் கொடுத்த கவுன், முதல் முறை துவைத்துக் காய்ந்ததும், முதுகுப்பக்கச் சிப் சாரைப்பாம்பு போல நெளிந்த கோலத்தில் என்னிடம் திரும்பி வந்தது. தைத்து முடித்த அன்று அந்தச் சிப்பில் ஒரு நெளிவும் இருக்கவில்லை. துணியை விற்றவர் "இது சுருங்காது" என்று சொல்லியிருந்தார். கோயில் திருவிழாவுக்கு நாள் நெருங்கியிருந்த அவசரத்தில் நானும் அதை நம்பி, நனைக்காமலே வெட்டிவிட்டேன். மிச்சமிருந்த துண்டில் பாவு வழியே, அதாவது துணியின் நீளவாக்கு நூல் போகும் வழியே, 20 அங்குலம் அளந்து பேனையால் குறியிட்டு, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தபோது 19 அங்குலமே இருந்தது. அதாவது 5 வீதச் சுருக்கம். 16 அங்குலச் சிப் தைத்திருந்த இடத்தில் துணி பதினைந்தேகால் அங்குலத்துக்கு வந்துவிட, பொலியெஸ்டர் நாடாவில் செய்த சிப் மட்டும் 16 அங்குலமாகவே நின்றது. மிஞ்சிய முக்கால் அங்குலம் போக இடமில்லாமல் நெளிந்துகொண்டது.

தையல் இழுபட்ட உடுப்பைக் கையில் எடுத்தவர் யாரும் "நூல் சரியில்லை" என்றோ "தைத்தவர் சரியில்லை" என்றோதான் முதலில் சொல்வார்கள். இரண்டும் சில வேளைகளில் உண்மைதான். ஆயினும் அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி, அந்த இடத்தில் எது குட்டையாகிப்போனது என்பதே. ஒரு தையலில் மேல்துணி, கீழ்த்துணி, மேல்நூல், கீழ்நூலான பொபின் நூல் ஆகிய நான்கும் எப்போதும் இருக்கும். இடத்தைப் பொறுத்துச் சிப், லைனிங், பக்ரம் (கொலருக்குள் வைக்கும் விறைப்புத் துணி), ஓரப்பட்டி, லேஸ் என்பனவும் சேரும். இவற்றுள் ஒன்று மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குறுகினால், குறுகாதது மடிந்தே ஆகவேண்டும். நூல் குறுகினால் துணி மடியும். துணி குறுகினால் சிப் நெளியும். ஓரப்பட்டி குறுகினால் கழுத்து வட்டம் இழுபடும். எல்லாவற்றையும் நாம் "சுருக்கம்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பலிப்பதில்லை.

பருத்தி ஏன் குறுகுகிறது என்பதைச் சற்று விளங்கிக்கொண்டால், எந்த வழி பயன் தரும் என்பதைத் தீர்மானிப்பது எளிது. தறியில் பாவு நூல்கள் இழுத்துக் கட்டப்பட்ட நிலையிலேயே துணி நெய்யப்படுகிறது. அந்த இழுவை துணிக்குள் ஒளிந்திருந்து, முதன்முதலில் நீர் படும்போது விடுபடுகிறது. அதோடு பருத்தி நார் நீரை உறிஞ்சிப் பருக்கும். பருத்த ஊடை (குறுக்கு) நூலைச் சுற்றி மேலும் கீழுமாகப் போய்வர வேண்டிய பாவு நூலுக்குப் பாதை நீண்டுவிடுவதால், துணியின் நீளம் குறைகிறது. ஆகவேதான் சுருக்கம் பெரும்பாலும் அகலத்தைவிட நீளத்தில் கூடுதலாகவும், பிந்திய சலவைகளைவிட முதற் சலவையில் கூடுதலாகவும் தெரிகிறது. பொலியெஸ்டரோ நீரை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் எட்டு வீதத்துக்கு மேல் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்க, பொலியெஸ்டர் அரை வீதமும் பிடிப்பதில்லை. இந்த இரண்டையும் ஒரே தையலில் பூட்டிவைத்துவிட்டுத் தண்ணீரில் போடுகிறோம். குளிர்ந்த நீரில் துவைத்தால் சுருங்காது என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. நார் பருப்பதற்குக் கொதிநீர் தேவையில்லை, நீர் போதும். சூடும், கல்லில் அடிப்பதும், முறுக்கிப் பிழிவதும் அதை விரைவுபடுத்துகின்றன, அவ்வளவுதான்.

இனித் துணியை வெட்டுமுன் நம் முன்னே இருக்கும் வழிகளைப் பார்ப்போம். ஒன்று, ஏற்கெனவே சுருக்கி முடித்த துணியை வாங்குவது. அமெரிக்கரான சான்ஃபோர்ட் குளூவெட் 1930இல் காப்புரிமம் பெற்ற முறையில், துணியை ஆலையிலேயே நீளவாக்கில் நெருக்கிச் சுருக்கிவிடுகிறார்கள். இன்றும் நல்ல ஆலைத் துணிகள் பல அவ்வாறான முடிப்போடுதான் வருகின்றன. இத்தகைய துணி துவைத்தால் ஒரு வீதம் அளவிலேயே குறுகும். சேட் தைப்பவருக்கு இது நிம்மதியான வழி. ஆனால் கரையில் ஆலையின் அச்சு இல்லாமல், சுருளிலிருந்து அளந்து வெட்டித் தரும் துணிக்கு அந்த முடிப்பு உண்டா என்பதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்ய முடியாது. கைத்தறித் துணிக்கு இந்த வழி பெரும்பாலும் பொருந்தாது. அது தறியிலிருந்து இறங்கிய இழுவையோடுதான் நம் கைக்கு வருகிறது.

இரண்டாவது வழி, சுருங்கும் என்று எண்ணிப் பெரிதாகத் தைப்பது. நம் பகுதியில் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது தாய்மார் கேட்கும் வழி இதுதான்: "ரெண்டு அங்குலம் கூட வெச்சுத் தைங்க அக்கா, சுருங்கினாலும் காணும்." நீளத்துக்கு இது காணும். 36 அங்குலக் கவுன் 5 வீதம் குறுகினால் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடக் குறையும். கீழ்மடிப்பில் வைத்த துணி அதை ஈடு செய்யும். தையலுக்கு இது ஒன்றும் செய்யாது. பெரிதாகத் தைத்த உடுப்பிலும் சிப் சிப்பாகவே இருக்கும், துணி அதைச் சுற்றிக் குறுகியே தீரும். சிப்பும் கொலரும் இல்லாத தளர்வான உடுப்புக்கும் வீட்டில் உடுக்கும் கவுனுக்கும் இந்த வழி போதுமென்று விட்டுவிடலாம். சாரம் மூட்டுவதற்கு இதுவும் வேண்டாம். ஒரேயொரு நேர்த்தையல், அதில் இழுபட்டாலும் இடுப்பு மடிப்புக்குள் மறைந்துவிடும்.

மூன்றாவது வழி, வெட்டுமுன் நனைப்பது. என் கணிப்பில் கைத்தறிக்கும், பெயர் தெரியாத எந்தப் பருத்தித் துணிக்கும் இதற்கு மேலான வழி இல்லை. ஒரு நாள் தாமதமும் ஒரு வாளித் தண்ணீருமே இதன் செலவு. ஆனால் நனைப்பது என்றால் தண்ணீரைத் தெளித்து அயன் பண்ணுவது அன்று. துணியின் வெட்டிய இரண்டு முனைகளையும் நூல் பிரியாதபடி ஓட்டுத்தையல் போட்டு, தளர்வாக மடித்து, அகலமான பேசினில் இரவு முழுவதும் அமிழ்த்தி வைக்க வேண்டும். சாயம் போகக்கூடிய அடர் நிறங்களைத் தனித்தனியே நனைக்க வேண்டும். கிணற்று நீரில் இரும்புக் கறை உள்ள வீடுகளில் வெள்ளைத் துணியைக் குழாய் நீரில் நனைப்பது நல்லது. காலையில் முறுக்கிப் பிழியாமல், கைகளால் அமுக்கி நீரை வடித்து, நிழலில் கரைகள் நேராக நிற்கும்படி விரித்துவிட்டு, சற்று ஈரம் இருக்கும்போதே அயன் பண்ண வேண்டும். அயன்பெட்டியைத் துணி மேல் இழுத்துக்கொண்டு போனால், நனைத்துப் பெற்ற சுருக்கத்தை நாமே மீண்டும் இழுத்து நீட்டிவிடுவோம். ஆகவே தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். கைத்தறியாயின் இரண்டு முறை நனைத்துக் காயவைப்பேன், ஏனெனில் முதல் முறையில் விடுபடாத மிச்சம் கொஞ்சம் இரண்டாம் முறையில் விடுபடும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. நனைத்த துணி தன் விறைப்பையும் புதுத்துணிப் பளபளப்பையும் இழந்துவிடும், வெட்டும்போது கத்தரிக்கோலுக்கு வழுவழுவென்று நழுவும். மெல்லிய கஞ்சி போட்டு அயன் பண்ணி வெட்டினால் இது தீரும். துணியும் கூடுதலாக வாங்க வேண்டும்: இரண்டரை மீற்றர் தேவைப்படும் உடுப்புக்கு 5 வீதச் சுருக்கத்தில் பன்னிரண்டரை சென்ரிமீற்றர் குறையும் என்பதால், இரண்டே முக்கால் மீற்றர் வாங்குவது பாதுகாப்பு. இதைத் தையற்காரரிடம் கொடுப்பவர்கள் தாமே வீட்டில் நனைத்துக் கொண்டுபோய், நனைத்தாயிற்று என்று சொல்லிக் கொடுப்பதே நல்லது. பண்டிகைக் காலத்தில் எந்தத் தையற்காரரும் உங்களுக்காகத் துணி நனைத்துக் கொண்டிருக்க மாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

லைனிங், லேஸ், ஓரப்பட்டி ஆகியவற்றையும் துணியோடு சேர்த்தே நனைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பருத்தி லேஸ் துணியைவிடக் கூடுதலாகக் குறுகும் தன்மை கொண்டது. நனைத்த துணியில் நனைக்காத லேஸைத் தைத்தால், கஷ்டப்பட்டு நனைத்ததன் பலன் அந்த ஓரத்தில் போய்விடும்.

நூலைப் பற்றிய விவாதத்தில்தான் கூடுதல் குழப்பம். பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே பொருத்தம், இரண்டும் ஒன்றாகச் சுருங்கும் என்பது பழைய நம்பிக்கை. கேட்க நியாயமாக இருந்தாலும், துணியின் சுருக்கமும் நூலின் சுருக்கமும் அளவில் ஒத்துப்போவது அபூர்வம். முறுக்கிய பருத்தி நூல் நனையும்போது தடித்து, நீளத்தில் குறுகும். நனைத்துச் சுருக்கி முடித்த துணியில் நனையாத பருத்தி நூலால் தைத்தால், முதற் சலவையில் நூல் மட்டும் குறுகித் துணியைச் சிறு சிறு மடிப்புகளாக இழுத்துவிடும். இங்கே நல்லது செய்ய நினைத்தே கெடுத்துக்கொள்கிறோம். பொலியெஸ்டர் நூல் நீரில் குறுகாது. அந்த வகையில் அது மேல். ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு: இழுத்தால் நீளும், விட்டால் மெல்ல மெல்லப் பழைய நீளத்துக்குத் திரும்பும். மெசினில் நூலின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகை இறுக்கி வைத்துத் தைத்தால், தையல் மெசினில் இருக்கும்போது தட்டையாகத் தெரிந்து, மாலையில் பார்க்கும்போது லேசாக இழுபட்டு, துவைத்த பின் நன்றாகவே இழுபட்டு நிற்கும். துவைத்ததால் வந்த குற்றம் என்று நாம் நினைப்போம். உண்மையில் துவைத்தது அந்த இழுவையை அவிழ்த்து விட்டது மாத்திரமே. பொலியெஸ்டர் கருவின் மேல் பருத்தி சுற்றிய நூலும் ஆடைத் தொழிற்சாலைகளில் பாவிக்கப்படுகிறது. குறுகும் விடயத்தில் அது பொலியெஸ்டரையே ஒத்தது.

ஆகவே என் தெரிவு, நனைத்த துணியில், மெல்லிய பொலியெஸ்டர் நூலை, தையல் அவிழாத அளவுக்கு மட்டும் இழுவை வைத்துத் தைப்பதாகும். தைத்த பின் உடுப்புக்குச் சாயம் போட எண்ணினால் மட்டும் பருத்தி நூலுக்குப் போவேன், ஏனெனில் பருத்திச் சாயம் பொலியெஸ்டர் நூலில் ஏறாமல் தையல் தனியே வெளுத்துத் தெரியும்.

இழுவையைச் சரிபார்க்க ஒரு சின்னப் பரீட்சை போதும். அதே துணியில் பாவு வழியே 20 அங்குல நீளமான இரண்டு கீற்றுகளை வெட்டி ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்து, மேசையில் விரித்து அளந்து பாருங்கள். கால் அங்குலம் குறைந்திருந்தால் நூல் இழுவை கூடுதல். மேல்நூலை மட்டும் தளர்த்தினால் முடிச்சு கீழே இறங்கும் என்பதால் பொபின் இழுவையையும் பார்க்க வேண்டும்: பொபின் கூட்டை நூலில் தொங்கவிட்டால் அது தானாக வழுகி இறங்கவும் கூடாது, கையை லேசாக உதறினால் அசையாமலும் நிற்கக் கூடாது. பொபினில் நூல் சுற்றும்போது மெசினை வேகமாக ஓட்டினால் பொலியெஸ்டர் நூல் நீண்டபடியே சுற்றிக்கொள்ளும். ஆறுதலாகச் சுற்ற வேண்டும். மேல்துணி ஒரு பக்கம் வழிந்து நீளமாக முடிந்தால், அது நூலின் குற்றமன்று. பாதத்தின் அழுத்தம் கூடியதால் கீழ்த்துணியைப் பற்கள் கூடுதலாகத் தள்ளிவிட்டன.

ஆலைப் பொப்பிளினுக்கும் கைத்தறிக்கும் இடையே ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கைத்தறி பெரும்பாலும் இளக்கமான நெசவு, அதனால் தைக்கும்போது சமர்த்தாக இருந்து, துவைக்கும்போது காட்டிக்கொடுக்கும். பொப்பிளின் நெருக்கமான நெசவு. தடித்த ஊசியும் தடித்த நூலும் உள்ளே நுழையும்போது பாவு நூல்களுக்கு ஒதுங்க இடமில்லை, துவைக்காமலே இழுபடும். அதற்கு நனைத்தும் பயனில்லை. பல வீட்டு மெசின்களில் 14ஆம், 16ஆம் இலக்க ஊசி ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் இருக்கும். பொப்பிளினுக்கு 11ஆம் இலக்கத்துக்கு மாறி, தையல் நீளத்தை இரண்டரை மில்லிமீற்றருக்குக் குறையாமல் வைத்தால் பாதித் தொல்லை தீரும். பாவுக்கு நேராகப் போகும் தையலே கூடுதலாக இழுபடும் என்பதால், பக்கத் தையலைச் சற்றுச் சரிவாக, கீழே விரியும்படி வெட்டுவதும் உதவும்.

இழுபட்டபின் என்ன செய்யலாம் என்பது வேறு கணக்கு. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் தம் வெள்ளைச் சேட் ஒன்றைக் கொண்டுவந்து, "அயன் பண்ணினாச் சரிவராதா அக்கா?" என்று கேட்டார். இரண்டு பக்கத் தையலும் இழுத்துக்கொண்டு, அரிசிப் புழு ஊர்ந்தாற்போல நின்றன. நான் அயன்பெட்டியை எடுக்குமுன் கத்தரிக்கோலை எடுத்தேன். உட்பக்கமாக, கீழ்மடிப்புக்கு அருகே, ஒரு நூலை மட்டும் இரண்டு அங்குலத்துக்குள் மூன்று இடத்தில் வெட்டிவிட்டு, கைகளால் இருபக்கமும் மெல்ல இழுத்தேன். வெட்டிய இடம் உடனே தட்டையானது. வெட்டாத இடம் அப்படியே நின்றது. ஆகவே குற்றம் நூலில். வெட்டிய பின்னும் அது அப்படியே நெளிந்திருந்தால், இரண்டு துணிகளில் ஒன்று மற்றதைவிட நீளமாகத் தைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்கு முழுத் தையலையும் பிரித்து மீண்டும் பொருத்துவதைத் தவிர வழியில்லை. வெட்டிய இரண்டு அங்குலத்தை மறுபடி தைப்பது ஐந்து நிமிட வேலை; அந்த ஐந்து நிமிடம், வீணாக முழுச் சேட்டையும் பிரிப்பதிலிருந்து காப்பாற்றும்.

நூல் குற்றத்துக்குச் சில மருந்துகள் உண்டு. மிக மலிவானது ஈரத்தோடு அயன் பண்ணுவது: தையலை நனைத்து, இரு முனையையும் பிடித்து மிதமாக இழுத்தபடி சூடான அயன்பெட்டியை வைத்து, ஆறும்வரை அசையாமல் விட வேண்டும். சூட்டோடு தூக்கினால் பழையபடி இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பல் உள்ள சிப் அருகே இருந்தால் மேலே துணி விரித்து அழுத்த வேண்டும். இதன் பலன் அடுத்த சலவை வரை மட்டும். வாரம் ஒரு முறை உடுக்கும் சேட்டுக்கு அது போதும். நாளாந்தம் துவைக்கும் பாடசாலை வெள்ளைச் சட்டைக்கு இந்த வேலை எந்தத் தாய்க்கும் கட்டாது. கஞ்சி போடுவது லேசான இழுபாட்டை மறைக்கும். ஆனால் மாரியில் காயத் தாமதமாகிப் பூஞ்சணம் பிடிக்கும். துவைத்தவுடன் தையல்களைக் கையால் நீவி இழுத்துவிட்டு, தையல் நிலைக்குத்தாக நிற்கும்படி கொடியில் போடுவதும் நன்று. வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் துணி விரைவாகக் காய்ந்து, எந்த நிலையில் தொங்கியதோ அந்த நிலையிலேயே விறைத்துவிடுவதால், நீவாமல் போட்டதன் பலனை அப்போதுதான் அதிகம் காண்கிறோம்.

பிரித்துத் தைப்பது நிலையான மருந்து, ஆனால் எல்லாவற்றுக்கும் தகாது. ஒற்றைத் தையல் உள்ள கவுனுக்கும் சட்டைக்கும் தாராளமாகச் செய்யலாம். உடுப்பு ஏற்கெனவே துவைத்துச் சுருங்கி முடிந்திருப்பதால், இம்முறை தைப்பது நிலைத்து நிற்கும். இரட்டைத் தையல் போட்டு மடக்கிய சேட்டின் பக்கத்தைப் பிரிப்பது பெரும் வேலை. நெருக்கமான பொப்பிளினில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அந்தத் தம்பியின் சேட்டை நான் பிரிக்கவில்லை. காற்சட்டைக்குள் விட்டு உடுக்கும் சேட்டின் பக்கத் தையலை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்று சொல்லி, ஈரத்தோடு அயன் பண்ணிக் கொடுத்தேன். கொலருக்குள் ஒட்டிய பக்ரம் குமிழ் விட்டிருந்தால் அயனும் உதவாது, பிரிப்பும் பெரிதாக உதவாது. புதுக் கொலர் போடுவது அல்லது அப்படியே உடுப்பது என்ற இரண்டில் ஒன்றுதான். தையற்கூலியையும் சேட்டின் வயதையும் பார்த்து நீங்கள் முடிவு செய்யலாம். நானாயின் பெரும்பாலும் அப்படியே உடுப்பேன்.

தங்கையின் மகளின் கவுனுக்கு வருகிறேன். சிப்பைச் சுற்றிய தையலை மட்டும் பிரித்து, முதுகுத் துணியை ஈரத்தோடு அயன் பண்ணித் தட்டையாக்கி, சிப்பைத் துணியின் புதிய நீளத்துக்கு ஒப்ப மேலிருந்து கீழாக ஊசிக்குத்துகளால் நிறுத்தினேன். அடியில் மிஞ்சிய முக்கால் அங்குலத்துக்கு மேலே, பற்களுக்குக் குறுக்காகக் கையால் ஏழெட்டுத் தையல் போட்டுத் தடுப்பு வைத்து, மிச்சத்தை வெட்டிவிட்டேன். அதன் பிறகு நாலைந்து முறை துவைத்தும் சிப் நேராகவே நிற்கிறது. குறைந்த நீளத்தைக் கொடுக்கக் கீழ்மடிப்பை அவிழ்த்து இறக்கினேன். பழைய மடிப்பு இருந்த கோடு மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது, பிள்ளை அதன் மேல் ஒரு லேஸ் வைத்துத் தரச் சொல்லியிருக்கிறாள். லேஸ் இப்போது பேசினில் ஊறிக்கொண்டிருக்கிறது.